இலங்கையும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பும்: மருதமுனைத் தறியருகே நின்று ஒரு வரலாற்று நோக்கு

நாடுகளுக்கிடையே எழும் உடன்படிக்கைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தலைநகரங்களையும் அமைச்சர்களையுமே கருத்திற் கொள்வர். கையெழுத்திட்ட நாள், இட்டவர் பெயர், உடன்படிக்கையின் உறுப்புரைகள் ஆகியவற்றோடு வரலாறு முற்றுப்பெற்றது எனக் கொள்வாரும் உளர். ஆயின், ஓர் உடன்படிக்கையின் உண்மையான வரலாறு கையெழுத்திட்ட பின்னரே தொடங்குகின்றது. ஏட்டில் எழுதிய சொல் நாட்டின் ஒரு கோடியில் வாழும் தொழிலாளியின் கையை எவ்வாறு சென்றடைந்தது, அன்றி எவ்விடத்தில் தடைப்பட்டு நின்றது என ஆராய்தல் வரலாறு பயில்வோரின் கடமையாகும். அந்நோக்குடன், இலங்கைக்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்புக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலவிவரும் கூட்டுறவினை, கல்முனைக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த மருதமுனை என்னும் நெசவாளர் ஊரில் நின்று நோக்க இக்கட்டுரை முயல்கின்றது.

கிழக்குக் கரைக்கு ஐரோப்பியரோடு செய்த உடன்படிக்கை புதியதன்று. 1638 ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தளபதி வெஸ்டர்வோல்ட் என்பான், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் படையோடு சேர்ந்து மட்டக்களப்பில் இருந்த போர்த்துக்கேயர் கோட்டையைக் கைப்பற்றினான். அம்மாதம் 23 ஆம் நாள் இருதிறத்தாரும் மட்டக்களப்பிலேயே ஓர் உடன்படிக்கை செய்தனர். போர்ச் செலவினை மன்னன் கறுவா முதலிய பண்டங்களாற் கொடுத்துத் தீர்ப்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவது இன்னொன்று. அரசனிடம் இருந்த படியில், 'அரசர் விரும்பின்' எனப் பொருள்படும் சொற்கள் இப்பின்னைய நிபந்தனையோடு இணைந்திருந்தன. ஒல்லாந்தர் வைத்திருந்த படியிலோ அச்சொற்கள் இல்லை. இரண்டொரு சொற்களின் வேறுபாடு ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்றிற்று. 1640 இல் காலியும் 1656 இல் கொழும்பும் போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறினவேயன்றி, மன்னன் கைக்கு வரவில்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என இந்நிகழ்ச்சியைச் சிங்கள மக்கள் இன்றும் பழமொழியாக வழங்குவர்.

அன்று உடன்பட்டவர் ஒரு முடிமன்னனும் ஒரு வணிகக் கம்பனியுமே. குடிமக்களின் கருத்தைக் கேட்கும் வழக்கம் இருதிறத்தும் இல்லை. எனினும் அவ்வுடன்படிக்கை எமக்கு விட்டுச்சென்ற வினா இன்றும் பழையதாகவில்லை. எழுதிய வாசகம் யாது, அதனை நிறைவேற்றும் ஆற்றல் யாரிடம் உளது என்பதே அவ்வினா. இதனை மனத்திருத்தி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

1931 ஆம் ஆண்டிலேயே சர்வசன வாக்குரிமை பெற்று, 1948 இல் சுதந்திரம் எய்திய இலங்கை, தனது தேயிலைக்கும் ஏனைய விளைபொருட்களுக்கும் பிரித்தானியச் சந்தையையே பெரிதும் நம்பியிருந்தது. 1932 ஆம் ஆண்டு ஒட்டாவா மாநாட்டில் உருவான பேரரசு முன்னுரிமைத் திட்டத்தின்படி, பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் பண்டங்கள் அங்குக் குறைந்த தீர்வையோடு நுழைந்தன. சுதந்திரத்தின் பின்னும் அச்சலுகை தொடர்ந்தது. இதற்கிடையில் 1957 இல் உரோமாபுரியிற் கையெழுத்தான உடன்படிக்கையால் பிரான்சு, மேற்கு யேர்மனி, இத்தாலி, பெல்சியம், ஒல்லாந்து, இலட்சம்பேர்க்கு ஆகிய ஆறு நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார சமூகமாக இணைந்தன. பிரித்தானியா அதிற் சேர முயன்றபோது, பிரான்சின் சனாதிபதி டி கோல் 1963 இலும் 1967 இலும் அதனைத் தடுத்தார். இறுதியில் 1972 சனவரி 22 ஆம் நாள் சேர்வுப் பொருத்தனை கையெழுத்தாகி, 1973 சனவரி முதலாம் நாள் பிரித்தானியா உறுப்பு நாடாயிற்று.

பழைய சந்தையின் கதவு ஒருபுறம் மூடுங்கால், பொதுநலவாயத்தைச் சேர்ந்த ஆசிய நாடுகளின் கதி யாதாகும் என்னும் கேள்வி அப்பொழுதே எழுந்தது. ஆபிரிக்க, கரிபியன் நாடுகளுக்குச் சமூகத்தோடு இணைப்புப் பெறும் வழி திறந்திருந்தது; ஆசிய நாடுகளுக்கு அது கிட்டவில்லை. அதற்கு ஈடாகச் சேர்வுப் பொருத்தனையுடன் ஒரு கூட்டுப் பிரகடனம் இணைக்கப்பட்டது. இலங்கை, இந்தியா, மலேசியா, பாக்கிஸ்தான், சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகளோடும் வர்த்தக உறவை வளர்க்கும் எண்ணத்தைச் சமூகம் அதில் வெளியிட்டது. அப்பிரகடனத்தில் எமது நாட்டின் பெயர் 'சிலோன்' என்றே காணப்படுகின்றது. நான்கு மாதம் கழித்து, அவ்வாண்டு மே 22 ஆம் நாள் நாடு குடியரசாகி, 'ஸ்ரீ லங்கா' என்னும் பெயரை ஏற்றது. 1975 யூலையிற் பிரசெல்சு நகரிற் கையெழுத்தான வர்த்தகக் கூட்டுறவு உடன்படிக்கை இப்புதுப் பெயரிலேயே நிறைவேறிற்று. இருதிறத்தாரும் ஒருவருக்கொருவர் மிக வேண்டிய நாட்டுக்குரிய தீர்வையை அளிப்பதென்றும், காலத்துக்குக் காலம் கூடிப்பேச ஒரு கூட்டு ஆணைக்குழுவை அமைப்பதென்றும் அதில் உடன்பட்டனர். ஒரு சிறு நாடு தன்னிலும் பன்மடங்கு பெரிய கூட்டமைப்போடு ஒரே மேசையில் அமர்ந்து பேசும் முறை இவ்வாறு தோன்றியது.

இனி மருதமுனையை நோக்குவோம். பெரியநீலாவணைக்கும் பாண்டிருப்புக்கும் இடையே, ஒருபுறம் வங்கக் கடல் சூழ அமைந்த இவ்வூரிற் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். இக்கரையில் முஸ்லிம்களின் வாழ்வு பழமை வாய்ந்தது. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய 1626 ஆம் ஆண்டளவில், கண்டி மன்னன் செனரத் அவர்களுட் பலரைக் கிழக்குக் கரையிற் குடியேற்றினான் என்பதும் வரலாற்று நூல்கள் கூறுவதே. மீன்பிடியும் வேளாண்மையும் அயலூர்களுக்கும் உரியன. மருதமுனைக்குத் தனிப்புகழ் தந்தது கைத்தறி நெசவு. இங்கு நெய்த சாரமும் சேலையும் இலங்கையின் பல பாகங்களிலும் விலைப்பட்டன. பாவோட்டுதலும் நூல் சுற்றுதலும் சாயமிடுதலும் வீட்டிலுள்ளார் யாவரும் பங்குகொள்ளும் தொழிலாதலின், ஒரு தறி என்பது ஒரு குடும்பத்தின் சோறு என்றே கொள்ளலாம்.

பிரசெல்சுக்கும் இத்தறிக்கும் என்ன தொடர்பு என ஐயுறுவார்க்கு விடை 1974 ஆம் ஆண்டில் உளது. வளர்முக நாடுகளின் மலிந்த துணிகள் தம் சந்தையை நிரப்புமென அஞ்சிய செல்வ நாடுகள், துணிக்கும் ஆடைக்கும் நாடுதோறும் அளவு வரையறுக்க இடமளிக்கும் ஒரு சர்வதேச ஏற்பாட்டை அவ்வாண்டு நடைமுறைப்படுத்தின. பல்லிழை ஏற்பாடு என வழங்கும் இதன் 12 ஆம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவு கூர்ந்து படித்தற்குரியது. வளர்முக நாடுகளின் குடிசைக் கைத்தொழிலாகக் கைத்தறியில் நெய்த துணிகளுக்கும், அத்துணியாற் கையினாற் செய்த பொருட்களுக்கும் இவ்வளவுக் கட்டுப்பாடு பொருந்தாது என அப்பிரிவு விலக்களித்தது. ஆலைத்துணி வாயிலிற் காத்து நிற்கையில், கைத்தறித் துணி தடையின்றி உட்செல்லலாம் என்பது இதன் பொருள். உலக வர்த்தகத்தின் சட்டம் நெசவாளனைப் பெயர் சொல்லி அழைத்த அரிய தருணம் இதுவாகும்.

ஆயினும் அவ்விலக்கின் இறுதியில் ஒரு நிபந்தனை இருந்தது. ஏற்றுமதி செய்யும் நாடும் இறக்குமதி செய்யும் நாடும் தமக்குள் வகுத்துக்கொண்ட முறைப்படி, அத்துணி கைத்தறித் துணியே எனச் சான்றுப்படுத்தப்படல் வேண்டும். ஏட்டிற் சிறு தொடராகத் தோன்றும் இது நடைமுறையிற் பெருஞ்சுமையாகும். ஒரே அளவும் ஒரே தரமும் உடைய துணி, தவணை தவறாமல் ஒப்படைக்கும் ஒழுங்கு, பல வீடுகளின் நெசவை ஒன்றுசேர்க்கும் சங்கம், அதனைப் பரிசோதித்து முத்திரையிடும் அதிகாரி, அயல்நாட்டு வணிகரோடு கடிதத் தொடர்பு கொள்ளும் வாயில் ஆகிய யாவும் அமைந்தாலன்றி, அவ்விலக்கு தனித்து வாழும் நெசவாளனுக்குப் பயன்தராது. குளத்தில் நீர் நிரம்பியிருப்பினும் வாய்க்கால் வெட்டாத வயலில் நெல் விளையாது. கிழக்குக் கரையில் இதனை அறியாத உழவன் இல்லை.

அவ்வாய்க்காலை வெட்ட வேண்டிய காலத்தில் நாட்டின் பொருளாதாரக் கொள்கையே திசைமாறிற்று. எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதித் துணிக்கு இருந்த கட்டுப்பாடு உள்நாட்டுத் தறிகளுக்கு ஊக்கமளித்தது. 1977 ஆம் ஆண்டின் இறுதியில் திறந்த பொருளாதாரம் வந்தபோது, வெளிநாட்டு ஆலைத்துணி மலிந்த விலையிற் கடைகளை நிறைத்தது. நாடெங்கும் எண்ணற்ற தறிகள் ஓய்ந்தன. அதே கொள்கை கொழும்பை அடுத்த ஏற்றுமதி வலயங்களில் ஆடைத் தொழிற்சாலைகளை எழுப்பிற்று. ஐரோப்பியச் சந்தைக்கு இலங்கை அனுப்பும் பண்டங்களுள் தைத்த ஆடையே நாளடைவில் முதலிடம் பெற்றது. அத்தொழிற்சாலைகளில் வேலை பெற்ற பல்லாயிரம் கிராமத்துப் பெண்களின் உழைப்பும் வருவாயும் பெரியனவே; அவற்றைக் குறைத்துரைப்பது நீதியன்று. ஆயினும் அவற்றுள் நுழைந்த துணியின் பெரும்பகுதி பிறநாட்டில் நெய்தது என்பதையும் மறைத்தற்கில்லை. மருதமுனைத் தறிகளோ பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கே நெய்தன.

2005 சனவரி முதலாம் நாள் பல்லிழை ஏற்பாடு முற்றாக முடிவெய்தியது. அளவுக் கட்டுப்பாடு நீங்கவே, கைத்தறிக்கு அளித்த விலக்கும் தன் பொருளை இழந்தது. அதற்கு ஆறு நாட்களுக்கு முன், 2004 டிசெம்பர் 26 ஆம் நாள், ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. நாட்டில் ஏறத்தாழ 35,000 உயிர்கள் மாண்டன. மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களை இழந்தது. மருதமுனையின் கடலோரக் குடியிருப்புக்கள் அழிந்தன. முப்பது ஆண்டுகள் ஏட்டில் இருந்த ஓர் உரிமை காலாவதியாவதை எண்ணிப் பார்க்கவும் அக்கிழமையில் இவ்வூராருக்கு இயலவில்லை. அவர்கள் இறந்தோரை அடக்கஞ்செய்துகொண்டிருந்தனர்.

அவ்வாண்டிலேயே கூட்டுறவின் அடுத்த படி தோன்றியது. ஆறு நாடாகத் தொடங்கிய சமூகம் அக்காலத்தில் ஐரோப்பிய ஒன்றியமாக விரிந்திருந்தது. 1975 ஆம் ஆண்டின் உடன்படிக்கை வர்த்தகத்தை மட்டுமே பேசிற்று; 1994 யூலையிற் கையெழுத்தாகி 1995 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த புதிய உடன்படிக்கை, சனநாயக நெறிகளையும் மனித உரிமைகளையும் மதித்தலே கூட்டுறவின் அடிப்படை எனக் கூறிற்று. 2005 ஆம் ஆண்டில் இலங்கை பெற்ற ஜி.எஸ்.பி. பிளஸ் என்னும் வரிச்சலுகை இக்கருத்தினை மேலும் ஒரு படி கொண்டு சென்றது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி என்பன பற்றிய 27 சர்வதேசச் சமவாயங்களை ஏற்று நிறைவேற்றும் நாட்டின் பண்டங்கள் பலவற்றுக்குத் தீர்வையை முற்றாக நீக்குவதே அச்சலுகை. தைத்த ஆடைக்கு வழக்கமான தீர்வை நூற்றுக்கு 12; பொதுச் சலுகையின் கீழ் 9.6, பிளஸ் சலுகையின் கீழ் அது முற்றாக இல்லை.

இதன் பின்னைய வரலாறு யாவரும் அறிந்ததே. 2008 ஒக்டோபரில் ஐரோப்பிய ஆணைக்குழு விசாரணையொன்றைத் தொடங்கிற்று. குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமைகள் ஆகியன பற்றிய மூன்று சமவாயங்களும் செவ்வனே நிறைவேற்றப்படவில்லை என்பது அதன் முடிவு. 2010 ஓகத்து 15 ஆம் நாள் சலுகை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னர், எழுத்தில் 15 உறுதிகளை அளித்தாற் சலுகையைச் சிறிது காலம் நீடிக்கலாமென ஆணைக்குழு கூறியதை இலங்கை அரசாங்கம் ஏற்கவில்லை. 2016 யூலையில் மீண்டும் விண்ணப்பித்து, 2017 மே 19 ஆம் நாள் சலுகையைத் திரும்பப் பெற்றது. 2021 யூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குமாறு தீர்மானித்து, சலுகையை மறுபரிசீலிக்கவும் வேண்டிற்று. 2022 மார்ச்சில் அச்சட்டத்திற் சில திருத்தங்கள் நிறைவேறின.

அயலார் எமக்குச் சட்டம் வகுப்பதா, இது இறைமைக்கு இழுக்கன்றோ என வினவுவார் உளர். அவ்வினாவைப் புறக்கணித்தல் தகாது. ஐரோப்பியர் எம்மை ஆண்ட நினைவு நெஞ்சில் நிற்கும் நாட்டில் அவ்வினா எழுதல் இயல்பே. சலுகையை அளிப்பவரும் தாமே, நீக்குபவரும் தாமே என்னும் நிலையில் இருதிறத்தாரும் சமமானவர் அல்லர் என்பதும் உண்மை. ஆயினும் அந்த 27 சமவாயங்களையும் ஒன்றியம் எமக்கென ஆக்கவில்லை. குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1980 இலேயே தானாக ஏற்றது. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தை 1994 இல் ஏற்றது. சலுகை தோன்றுமுன்னரே எம் மக்களுக்கு எம் அரசு அளித்த வாக்குக்கள் அவை. கேட்பவர் அயலாராயினும் வாக்கு எம்முடையதே.

வாக்கினைச் சட்டமாக்கினால் மட்டும் போதுமா என்பதற்கும் எம் நாட்டிலேயே விடை உண்டு. சலுகைக்குரிய கடப்பாட்டினை ஒட்டி, 2007 இல் 56 ஆம் இலக்கச் சட்டமாக குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றிற்று. 2019 ஏப்பிரலில் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களின் பின், அவ்வாண்டு மே மாதத்தில், ஒரு முஸ்லிம் பெண் அதே சட்டத்தின் கீழ்க் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அவர் அணிந்த ஆடையிற் பதித்திருந்த கப்பற் சுக்கானின் வடிவத்தைத் தர்மசக்கரம் எனக் கொண்டமையே காரணம். உரிமையைக் காக்கும் பெயரோடு பிறந்த சட்டம், ஒரு துணியின் சித்திரத்துக்காக ஒரு குடிமகளின் உரிமையைப் பறிக்கும் கருவியாயிற்று. துணியையே வாழ்வாகக் கொண்ட ஊரார் இதனை எங்ஙனம் மறப்பர்? சட்டம் ஏட்டில் இருந்தது. அதன் கருத்து அதனைக் கையாண்டோரிடம் இல்லை.

கடமையை உள்நாட்டிற் செவ்வையாக ஆற்றியவிடத்துக் கூட்டுறவு நற்பயன் தரும் என்பதற்கும் இக்கரை அறிந்த சான்று ஒன்றுண்டு. ஆழ்கடலில் மீன்பிடிக்கும் இலங்கைப் படகுகள் முறையாகக் கண்காணிக்கப்படவில்லை என 2012 நவம்பரில் ஒன்றியம் எச்சரித்தது. நிலை திருந்தாமையால் 2015 சனவரியில் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. அதன் பின் சட்டம் திருத்தப்பட்டது, தண்டம் கடுமையாக்கப்பட்டது, படகுகளில் இருப்பிடங் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன. 2016 யூனிலே தடை நீங்கிற்று. ஒன்றரை ஆண்டு நட்டத்தைச் சுமந்தவர் மீனவரும் மீன் வணிகருமே. முதல் எச்சரிக்கையிலேயே செய்திருக்கக்கூடிய கருமத்தைத் தடையின் பின் செய்தோம் என்பது அவர்களுக்கு ஆறுதலாகாது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது யாது? ஐரோப்பியக் கூட்டுறவு எமக்குத் தீதென்றோ, அதுவே எமக்கு உய்வென்றோ கூறுதல் இரண்டும் பொருந்தா. உடன்படிக்கை வெளிநாட்டிற் கையெழுத்தாகின்றது; உள்நாட்டிலேயே நிறைவேறுகின்றது. 1638 இன் மன்னனுக்கு வாசகமும் வலிமையும் ஒத்துவரவில்லை. 1974 இன் நெசவாளனுக்கு வாசகம் நன்றாக இருந்தது. அதனை அவனிடம் கொண்டுசெல்லும் வாயில் இல்லை. 2007 இன் சட்டத்துக்கு வாசகமும் வாயிலும் இருந்தன. அதன் உயிர் இல்லை.

கைத்தறியைப் பொறுத்தவரை கருமம் முடிந்துவிடவில்லை. ஜி.எஸ்.பி. பிளஸ் விதிகளின்படி, சில விதிவிலக்குக்களைத் தவிர, ஆடை முழுச் சலுகை பெறுதற்குத் துணியை நெய்தலும் ஆடையைத் தைத்தலும் ஆகிய இரு படிகளும் நாட்டினுள் நிகழ வேண்டும். பிறநாட்டுத் துணியைத் தைத்து அனுப்பும் தொழிற்சாலைகள் பல இதனாலேயே சலுகையை முழுமையாகப் பயன்படுத்த இயலாது நிற்கின்றன. உள்நாட்டிலே நெய்த துணிக்கு இவ்விதி துணை நிற்கின்றது. மருதமுனைத் தறிகள் பெருந்தொழிற்சாலைகளின் தேவையை நிரப்பும் என எவரும் கருதார். அளவினால் அவற்றோடு போட்டியிட அவை பிறந்தவையும் அல்ல. ஆயினும் கையால் நெய்த துணிக்கு நல்விலை கொடுப்போர் ஐரோப்பாவிலும் உளர். நெசவாளர் சங்கம், தரப் பரிசோதனை, சான்றிதழ், வணிகத் தொடர்பு ஆகியவற்றை அமைத்துக் கொடுத்தல் அரசின் கடமை. அதனை அரசிடம் வற்புறுத்திக் கேட்டல் மக்களின் கடமை. கேட்பதற்கு முதலில் வாசகத்தை அறிதல் வேண்டும்.

இவ்விடத்திற் கற்றோருக்கு ஒரு பணி உண்டு. உடன்படிக்கைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டு, தலைநகரத்து அலுவலகங்களில் உறங்குகின்றன. அவற்றின் பிரிவுகளை எளிய தமிழில் எழுதி, தறியருகே அமர்ந்திருப்போர்க்கும் தோணி இழுப்போர்க்கும் விளங்கச் செய்தல் எமது கல்லூரிகளிற் பயின்று வெளியேறுவோரால் ஆகக்கூடிய கருமமே. மட்டக்களப்பில் ஒரு மன்னன் ஏமாந்ததை வரலாற்றுப் பாடமாகப் படிக்கின்றோம். அவனிடம் ஒரு படியாவது இருந்தது. எம் நெசவாளரிடம் அதுவும் இல்லை. அதனை அவர்கள் கையிற் சேர்ப்பதிலிருந்தே இனிவரும் கூட்டுறவு தொடங்குதல் வேண்டும்.